ஒலிவக்காய் பறிக்க ஏற்ற நாள் எது?



ஒலிவ மரத்தை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அதன் பெயர் நமக்குப் புதியதன்று. ஜலப்பிரளயத்துக்குப் பின் நோவேயின் புறா அலகில் கவ்விக்கொண்டு வந்தது ஒலிவ இலையே. நமதாண்டவர் இரத்த வேர்வை வேர்த்து ஜெபித்த தோட்டமும் ஒலிவ மலைச் சாரலிலேதான் இருந்தது. ஜெத்சமெனி என்ற அதன் பெயருக்கே எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஞானஸ்நானத்திலும் உறுதிபூசுதலிலும் பூசப்படும் பரிசுத்த தைலம் தொன்றுதொட்டு இம்மரத்தின் காயைப் பிழிந்து எடுத்ததே. இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தும், அந்தக் காயை எந்நாளில் பறிக்கிறார்கள் என்று நாம் ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

"அது தோட்டக்காரன் கவலை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஒரு காரியத்தைச் செய்ய ஏற்ற நேரம் எது? இன்னும் காத்திருப்பது பொறுமையா, சோம்பலா? இன்றே செய்து முடிப்பது சுறுசுறுப்பா, அவசரமா? இந்தக் கேள்விகள் நம் வீடுகளில் தினந்தோறும் எழுகின்றன. ஒவ்வொரு காரியத்துக்கும் உரிய காலம் ஒன்று உண்டென்று வேதாகமத்தின் ஞானி நமக்குப் போதித்தார். அந்தக் காலம் இன்றா நாளையா என்பதை மட்டும் நம்மிடமே விட்டுவிட்டார். ஒலிவத் தோட்டக்காரனோ வருஷந்தோறும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். அவன் விடை சொல்லாமல் இருந்தால் அதுவும் ஒரு விடையாகிவிடும். காய் தானே உதிர்ந்துபோம். ஆகவே அவனிடம் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது என்ன என்று பார்ப்போம்.

இத்தாலி தேசத்தில் தொஸ்கானா என்றொரு பிரதேசம் உண்டு. குன்றும் சரிவுமான அந்த நாட்டில், அக்டோபர் மாதக் கடைசியில், ஒரு குடியானவன் தன் மரத்தடியில் நிற்பதாக மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த மரம் வசந்தத்தின் முடிவில் பூத்தது. கோடையில் காயினுள் கொட்டை கெட்டிப்பட்டது. அதன் பிறகே சதையில் எண்ணெய் ஊறத் தொடங்கிற்று. கடும்பச்சையாயிருந்த காய் இப்போது சற்று வெளிறிப் பழுப்புப் பச்சையாகிவிட்டது. அங்கங்கே ஊதாப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. இன்னும் சில வாரங்கள் விட்டுவைத்தால் தோல் முழுதும் கறுக்கும். அதற்கும் மேல் விட்டால் உள்ளே சதையும் கொட்டைவரை கறுத்துவிடும். பச்சை ஒலிவம் ஒரு ஜாதி, கறுப்பு ஒலிவம் வேறொரு ஜாதி என்று நினைப்போர் உண்டு. அப்படியன்று, பச்சையும் கறுப்பும் ஒரே காயின் இளமையும் முதுமையுமே.

இன்று பறித்தால் என்ன ஆகும்? எண்ணெய் பசுமையாக இருக்கும். கசக்கும். விழுங்கினால் தொண்டையில் மிளகு கடித்தாற்போல் காரும். இது குற்றமன்று, குணமே. அந்தக் கசப்பையும் காரத்தையும் தருகிற பொருள்களே எண்ணெய் சீக்கிரம் சிக்கு நாற்றம் பிடியாமல் காக்கின்றன. தொண்டையைக் கரிக்கும் பொருள் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் இபுப்ரோபன் மருந்தைப் போலவே வேலை செய்கிறதென்று 2005-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டு வெளியிட்டார்கள். ஆனால் இவ்வளவு நல்ல எண்ணெய் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். பசுங்காயானால் 1 லிட்டருக்கு 8 கிலோ, சில வேளை 10 கிலோ காய்கூடச் செல்லும்.

சரி, டிசம்பர் வரை பொறுத்தால்? அப்போது 5 கிலோவுக்கே 1 லிட்டர் கிடைக்கலாம். எண்ணெய் சாந்தமாக, மஞ்சளாக, நாவுக்கு இதமாக இருக்கும். காயும் காம்பைவிட்டு எளிதில் கழன்றுவரும். ஆனால் மணம் குறையும். நெடுநாள் கெடாமல் நிற்கும் தன்மையும் குறையும். அதுமட்டுமா? காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துக்கு ஒரு வாசல். ஒலிவ ஈ என்ற சிறு பூச்சி காயின் தோலைக் குத்தி முட்டையிடும். புழு உள்ளிருந்தே சதையைத் தின்னும். பெருங்காற்று அடித்தால் காய் உதிரும். உறைபனி விழுந்தால் காய் வெந்ததுபோலாகி எண்ணெயின் சுவை கெடும். பனி முன்னறிவித்து வருவதன்று. 1956 பிப்ரவரியில் பிரான்சின் பிரோவான்ஸ் நாட்டிலும், 1985 ஜனவரியில் இதே தொஸ்கானாவிலும் வந்த கடுங்குளிரில் காய் மாத்திரமல்ல, எத்தனையோ மரங்களே பட்டுப்போயின.

ஆகவே அந்த மனிதனுக்கு முன்னால் குறையற்ற நாள் என்று ஒன்று இல்லை. முன்னே பறித்தால் அளவை இழக்கிறான்; பின்னே பறித்தால் குணத்தை இழக்கிறான். எதையும் இழக்காத ஒரு நாள் வரும் என்று காத்திருப்பவன் எல்லாவற்றையும் இழப்பான். இதுதான் அவன் நமக்குச் சொல்லும் முதற்பாடம்.

அப்படியானால் அவன் எப்படித் தீர்மானிக்கிறான்? முதலில், எதற்காக இந்த எண்ணெய் என்று தன்னையே கேட்கிறான். ஊருக்கு ஊர் வழக்கம் மாறுவதன் காரணம் இதுவே. தொஸ்கானாவில் பனிக்கு அஞ்சியும் காரமான எண்ணெயை விரும்பியும் முன்கூட்டியே பறிப்பார்கள். அதே இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில் குளிர் கடுமையன்று. அங்கே மரத்தடியில் வலை விரித்து, குளிர்காலம் நெடுகக் காய் முதிர்ந்து விழக் காத்திருந்து, மெல்லிய இனிய எண்ணெய் எடுப்பது பழைய வழக்கம். தெற்கே பூல்யா நாட்டில் முற்காலத்தில் காய் தரையில் விழக் கிடந்து, பிறகே பெருக்கி வாரினார்கள். அந்த எண்ணெய் வாயில் வைக்கத் தகாது. ஆனால் அது வாய்க்காக எடுக்கப்பட்டதன்று; விளக்குக்காக எடுக்கப்பட்டது. கல்லிப்போலி என்ற துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வடபகுதிப் பட்டணங்களில் விளக்கெரித்தது அந்த எண்ணெயே. விளக்குக்குக் கசப்பும் வேண்டாம், மணமும் வேண்டாம்; நின்று எரிந்தால் போதும். ஆகவே காயைப் பார்த்து மட்டும் ஏற்ற காலத்தைச் சொல்லிவிட முடியாது. எதற்காக என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே எப்போது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

அடுத்தபடியாக அவன் அளந்து பார்க்கிறான். ஸ்பெயின் தேசத்தில் ஹயேன் என்ற மாகாணம் ஒன்று உண்டு. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒலிவ மரமே. 6 கோடி மரங்களுக்கு மேல் என்பார்கள். அந்த நாட்டில் 1970-ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட ஓர் அளவுமுறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. பல மரங்களில், நாலா பக்கமும் உள்ள கிளைகளிலிருந்து காய் கொய்து, அதில் 100 காயை எடுத்து, கத்தியால் வெட்டிப் பார்த்து, நிறத்துக்குத் தக்கபடி 8 குவியலாகப் பிரிப்பார்கள். கடும்பச்சைக்கு 0, கொட்டைவரை கறுத்ததற்கு 7. ஒவ்வொரு குவியலிலும் உள்ள காய்களின் எண்ணிக்கையை அதன் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 100-ஆல் வகுத்தால் தோட்டம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறதென்று தெரிந்துபோம். இது நல்ல ஏற்பாடு. வேலியருகில் முன்னதாகக் கறுத்த ஒரு கிளையைக் கண்டு, தோட்டமே பழுத்துவிட்டதென்று பதறாமல் இருக்க இது உதவுகிறது. ஆனால் கவனியுங்கள்: அந்த எண் தோட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லும், நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அந்தத் தீர்மானத்தை மனிதன்தான் செய்ய வேண்டும்.

இவ்விடத்தில் காத்திருப்பவனை ஏமாற்றும் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். இதை நான் அறிந்தபோது நெடுநேரம் யோசித்தேன். காயில் எண்ணெய் ஊறுவது ஒரு காலம் வரையில்தான். அதன்பின் ஊறல் நின்றுவிடுகிறது. ஆயினும் ஆலையில் நிறுத்துப் பார்த்தால் நூற்றுக்கு இவ்வளவு என்ற விகிதம் இன்னும் ஏறிக்கொண்டே போகும். எப்படி? காயிலுள்ள நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. 100 கிலோ காயில் 20 கிலோ எண்ணெய் இருந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். காய் வாடி 90 கிலோவாகிறது. எண்ணெய் அதே 20 கிலோதான். ஆனால் கணக்கில் அது நூற்றுக்கு 22 ஆகிவிடுகிறது. தோட்டக்காரன் சந்தோஷப்படுகிறான், இன்னும் ஒரு வாரம் விடுவோம் என்கிறான். அவன் கண்ட லாபம் ஒரு சொட்டு எண்ணெயும் அன்று; வற்றிப்போன நீரே. அதற்காக அவன் மணத்தை இழந்தான், குணத்தை இழந்தான், கீழே உதிர்ந்த காயையும் இழந்தான்.

ஆகவே காத்திருப்பதில் இரு வகை உண்டு. ஒன்றில் காய் நிறைகிறது. மற்றதில் காய் வற்றுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பொறுமை என்றே அழைத்துக்கொள்ளுவோம். முதலாவது மெய்யான பொறுமை; இரண்டாவது பேராசை, அல்லது பயம். கொட்டை கெட்டிப்படுமுன்னே காயைப் பறிப்பவனுக்கு எண்ணெயே கிடையாது. அவனுக்குக் காத்திரு என்று சொல்வதே தர்மம். ஊறல் நின்றபின்னும் காத்திருப்பவனுக்கோ, எழுந்து கூடையை எடு என்று சொல்வதே தர்மம்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. இதுவே நீதியின் கேள்வி. தாமதத்தின் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? கிறிஸ்து நாதர் பிறப்பதற்கு ஏறக்குறைய 160 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த காத்தோ என்பவர் பயிர்த்தொழிலைப்பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒலிவத்தைப்பற்றிச் சொல்லும்போது, முதிர்ந்த காயைச் சீக்கிரம் எடுத்துச் சீக்கிரம் பிழியவேண்டும் என்கிறார். ஏன் அப்படி நடப்பதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். பொறுக்கும் ஆட்களுக்குக் காய் தரையில் அதிகமாக விழுந்தால் வேலை எளிது. பிழியும் ஆட்களுக்குக் காய் தளத்தில் கிடந்து மெத்தென்று ஆனால் உழைப்புக் குறைவு. ஆகவே ஒவ்வொருவனும் தன் சௌகரியத்தையே ஏற்ற காலம் என்கிறான். அந்த மனிதரும் நேர்மையானவர், தம்மையும் விட்டுவைக்கவில்லை. காய் எவ்வளவு இளசோ அவ்வளவுக்கு எண்ணெய் உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டு, எஜமானனுக்கு லாபமோ முதிர்ந்த காயில்தான் என்று உடனே சேர்த்துக்கொண்டார். இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாயிற்று, மனிதன் மாறவில்லை. இதற்கு இது நேரமல்ல என்று நாம் சொல்லும்போது, யாருக்கு நேரமல்ல என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கவேண்டும்.

பேசாத பங்காளி ஒன்று இருக்கிறது, அது மரம். நம்மூர் மாமரத்தைப் போலவே ஒலிவமும் ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறுவருஷம் ஓய்ந்துவிடும் இயல்புள்ளது. காயை நெடுநாள் கிளையில் விட்டுவைத்தால் அந்தச் சுமை அடுத்த வருஷத்துக் காய்ப்பையும் தாக்கும். கோலால் கண்மூடித்தனமாக அடித்தாலும் அப்படியே; ஏனெனில் அடுத்த வருஷம் பூக்கவேண்டிய இளங்கிளைகள் காயோடு முறிந்து விழும். ஆகவே இந்த வருஷத்தின் கடைசிச் சொட்டுக்காகப் பேராசைப்படுபவன் தன் பிள்ளைகளின் பங்கில் கைவைக்கிறான். அன்றி, ஏழையின் பங்கும் அதில் உண்டு. உபாகம நூலின் 24-ஆம் அதிகாரத்தில் சர்வேசுரன் தமது ஜனத்துக்கு இட்ட கட்டளை நினைவிருக்கிறதா? ஒலிவ மரத்தை ஒரு முறை உதிர்த்தபின், விட்டுப்போன காயைத் தேடி மறுமுறை கிளை கிளையாகப் போகவேண்டாம். அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியதென்று விதித்தார். எப்போது பறிப்பது என்பதோடு எப்போது நிறுத்துவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்று காட்டினார்.

ஆண்டவர் நடமாடிய அந்தப் பாலஸ்தீன நாட்டு மலைக்கிராமங்களில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. கோடை நெடுக இலையிலும் காயிலும் புழுதி படிந்திருக்கும். அக்டோபரில் முதல் மழை பெய்து அதைக் கழுவிவிட்ட பிறகே பறிக்கத் தொடங்குவது முன்னோர் முறை. இந்நாளில் எந்தப் பகுதியில் எந்நாள் முதல் பறிக்கலாம் என்று அங்குள்ள விவசாய இலாகாவும் அறிவிக்கிறது. என் மரம், என் காய், என் இஷ்டம் என்று சொல்லலாகாதா? சொல்லலாம்தான். ஆனால் ஒருவன் மட்டும் முந்திக்கொண்டு பசுங்காயை உருவிச் சென்றால், அவன் எடுத்தது தன் காயா அடுத்தவன் காயா என்ற சந்தேகம் எழும். ஊருக்கு இருப்பது ஓர் ஆலை. அது எல்லோருக்கும் சேர்ந்து ஓடவேண்டும். பட்டணத்திலிருக்கும் பிள்ளைகளும் அந்த நாட்களுக்கென்று வீடு வந்து சேர்வார்கள்; பாட்டி முதல் பேரன் வரை மரத்தடியில் கூடுவார்கள். ஆகவே ஏற்ற காலம் என்பது தனி மனிதனுடைய சொத்து மட்டுமன்று. உற்றாரோடும் அயலாரோடும் சேர்ந்து காணவேண்டிய ஒன்று.

கடைசியாக ஒன்று. பறிக்கும் நாளைப்பற்றி மாதக்கணக்கில் யோசிக்கலாம். ஆனால் பறித்த பிறகு யோசனைக்கு இடமில்லை. காயைக் குவித்து வைத்தால் குவியலுக்குள் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். எவ்வளவு நல்ல காயானாலும் எண்ணெயில் ஊசல் வாடை ஏறிவிடும். ஆதலால் கருத்துள்ளவர்கள் பறித்த அன்றே, அல்லது மறுநாளைக்குள், ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். தலையான நான்கு புண்ணியங்களில் விவேகத்தை நாம் முதலில் வைக்கிறோம். விவேகம் என்றால் எதற்கும் தயங்கித் தயங்கி நடப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அப்படிப் போதிக்கவில்லை. ஆலோசனை கேட்பது விவேகத்தின் வேலை. தீர்ப்புச் செய்வதும் அதன் வேலை. ஆனால் அதன் தலையான வேலை, செய் என்று கட்டளையிடுவதே என்கிறார். ஆலோசனை நிதானமாக நடக்கட்டும், முடிவு செய்ததை நிறைவேற்றுவதில் விரைவு வேண்டும் என்று பழைய கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டிலை அனுசரித்துச் சொல்கிறார். யோசித்து முடித்தும் கையை நீட்டாதவன் விவேகியல்லன்.

அன்பர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். படிப்பு முடியுமுன்னே பையனைக் கடைக்கு வேலைக்கு அனுப்பும் தகப்பன் கொட்டை கெட்டிப்படாத காயைப் பறிக்கிறான். பெண் இன்னும் தன் மனதை அறியவில்லை, வந்த வரன் தவறிவிடும் என்று அவசர அவசரமாகக் கலியாணத்தை முடிக்கும் தாயும் அப்படியே. இவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் உண்மையாகவே ஏதோ நிறைகிறது. ஆனால் பாகப்பிரிவினையில் மனஸ்தாபப்பட்ட அண்ணன் தம்பி, 10 வருஷமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. "நேரம் வரட்டும், பேசிக்கொள்ளுவோம்" என்கிறார்கள். இந்தப் 10 வருஷத்தில் எது ஊறிற்று? அன்பு ஊறிற்றா? இல்லை, நீர்தான் வற்றிற்று. கோபம் தணிந்ததுபோல் தோன்றுவது சமாதானமன்று, நினைவு மங்கியதே.

என் சொந்த வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் கடைசி வியாதியாகப் படுத்திருந்தார். நினைவு தெளிவாக இருந்தது. வந்தவர்களை விசாரித்தார், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்டார். மூத்த அக்காள் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வா. அப்பாவுக்குத் தைலம் பூசட்டும்" என்றாள். நான்தான் தடுத்தேன். "இப்போதே வேண்டாம், அக்கா. சுவாமியாரைக் கண்டால் தமக்குச் சாவு நெருங்கிவிட்டதென்று அப்பா பயந்துபோவார். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்றேன். இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. சுவாமியார் வந்தபோது அப்பாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. நெற்றியிலும் கைகளிலும் தைலம் பூசப்பட்டது. தேவதிரவிய அனுமானம் வீண்போகாதென்று நான் விசுவசிக்கிறேன். ஆனால் அப்பா வாய்திறந்து ஜெபத்துக்குப் பதில் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அவருக்காகக் காத்திருந்தேன் என்று அன்று எண்ணினேன். பயந்தவர் அப்பா அல்ல, நான்தான் என்பது பின்னால் எனக்குத் தெரிந்தது. அந்த நான்கு நாளில் எதுவும் ஊறவில்லை.

முன்னெல்லாம் நாம் இதை அவஸ்தைப்பூசுதல் என்றே சொல்லிவந்தோம். அவஸ்தை கண்டால்தான் பூசுவது என்ற எண்ணமும் அந்தப் பெயரோடு மனதில் ஊன்றிவிட்டது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இதைத் தெளிவாக்கிற்று. இது உயிர்போகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மாத்திரம் உரியதன்று. வியாதியாலோ முதுமையாலோ ஒருவருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறுவதற்கு ஏற்ற காலம் வந்துவிட்டதென்று போதித்தது. ஆகவேதான் இன்று இதை நோயில் பூசுதல் என்கிறோம். பரிசுத்த பிதா ஆறாம் சின்னப்பர் 1972-ல், ஒலிவ எண்ணெய் கிடைப்பது அரிதான இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் வழங்கலாம் என்று அனுமதி தந்தார். எண்ணெய் இல்லை என்ற காரணத்தாலும் நோயாளி காத்திருக்கக் கூடாதென்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

யோசித்துப் பாருங்கள். பரிசுத்த வாரத்தில் ஆயர் ஆசீர்வதிக்கும் தைலம் கோவிலில் ஆயத்தமாக இருக்கிறது. அது ஒலிவ எண்ணெயானால், எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு குடியானவன் வானத்தைப் பார்த்து, காயை வெட்டிப் பார்த்து, லாபத்தையும் நஷ்டத்தையும் எடைபோட்டு, இன்று பறிப்போம் என்று துணிந்தான். துணிந்த அன்றே கூலியாட்களை அழைத்தான். இருட்டுமுன் ஆலைக்குக் கொண்டுபோனான். அவன் தன் நாளைத் தவறவிடாததால் அந்த எண்ணெய் கெடாமல் நம் கோவில் வரை வந்து சேர்ந்தது. கோவிலிலிருந்து நம் வீட்டுக் கட்டில் வரை வருவதற்குள் அதைத் தாமதப்படுத்துகிறவர்கள் நாமாக இருக்கலாமா?

ஆகவே, உங்கள் வீட்டில் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் ஒரு காரியத்தை இன்று மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். அது திரும்பக் கொடுக்கவேண்டிய கடனாக இருக்கலாம். கேட்கவேண்டிய மன்னிப்பாக இருக்கலாம். பிள்ளையிடம் சொல்லவேண்டிய ஓர் உண்மையாக இருக்கலாம். அதைப்பற்றி மூன்று கேள்வி கேளுங்கள். இது எதற்காக? இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் உண்மையில் எது கூடும்? என் தாமதத்தின் நஷ்டத்தைச் சுமப்பவர் யார்? ஏதோ ஒன்று மெய்யாகவே நிறைகிறதென்று கண்டால், மன அமைதியோடு காத்திருங்கள். அயலார் அவசரப்படுத்தினாலும் அசையாதிருங்கள். நீர் மாத்திரமே வற்றுகிறதென்று கண்டால், தயங்காதீர்கள். குறையற்ற நாள் வராது. சற்றுக் கசப்பாக இருக்கும்; தொண்டையில் கொஞ்சம் காரும். இருந்தாலும் அதுவே நெடுநாள் கெடாமல் நிற்கும் எண்ணெய்.

உங்கள் வீட்டில் வியாதியாய்ப் படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பாரானால், அவருக்கு நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கும் இந்த வாரத்திலேயே பங்குச் சுவாமியாருக்குச் சொல்லி அனுப்புங்கள். பயப்படுவார் என்று எண்ணாதீர்கள். ஒருவேளை அவர் உங்களுக்கு முன்பே அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்.